புதிய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச வேண்டும்: வாசிப்பதா, மனப்பாடமா, குறிப்பு அட்டையா, ஸ்லைடா, செய்துகாட்டலா?

கடந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் அக்கா ஒருவர். ட்ரோனில் மருந்து அடிப்பதைப் பற்றி ஊர்க் கூட்டத்தில் கால் மணி நேரம் பேச வேண்டுமாம். அடுத்தவர் சேலத்தில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. சோடியம் அயன் பேட்டரி பற்றி ஏழு நிமிட செமினார், மதிப்பெண் உண்டு. மூன்றாமவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். லேசர் பற்றவைப்பு மெஷினைப் பற்றி சக பட்டறைக்காரர்கள் நாற்பது பேருக்குச் சொல்ல வேண்டும்.

மூவருக்கும் விஷயம் நன்றாகவே தெரியும். எழுதி வாசித்துவிடலாமா, மனப்பாடம் செய்துவிடலாமா, ஸ்லைடு போடலாமா என்பதில்தான் தடுமாறினார்கள். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வியோடு எனக்குப் பழக்கம் உண்டு. இங்கே சொல்வதெல்லாம் தகவல் சொல்லும் பேச்சைப் பற்றி மட்டும். வாக்குக் கேட்கும் பேச்சும் வாழ்த்துப் பேச்சும் வேறு கணக்கு.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலில் பார்க்க வேண்டியது, கேட்பவர்கள் நடுவில் குறுக்கிடுவார்களா என்பது. கல்லூரியில் கேள்வி கடைசியில்தான் வரும். ஊர்க் கூட்டத்தில் இரண்டாவது நிமிடமே ஒருவர் எழுந்து கேட்பார், பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பதிலும் சொல்லிவிடுவார். உங்கள் முறை அதைத் தாங்க வேண்டும்.

அடுத்தது இடம். கரண்ட் நிற்குமா, ஜன்னலை மூடி இருட்டாக்க முடியுமா, கடைசி வரிசை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஓட்டுக் கூரை போட்ட சமுதாயக் கூடத்தில் மழை பெய்தால் மைக் இருந்தும் குரல் எடுபடாது.

அப்புறம், பேச்சில் எண்ணும் விதியும் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 2021 ட்ரோன் விதிகளை எடுத்துக்கொண்டால், எடையை வைத்து 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. இதில் ஓர் எண் மாறினாலும் கேட்டவர் தப்பான முடிவுக்குப் போய்விடுவார்.

தயாரிக்க எத்தனை நாள் இருக்கிறது, வெளியில் தெரியாத செலவு என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான அளவுகோல் வேறு. நீங்கள் எடுத்துக்கொள்ளும் முறையில் உங்கள் வாயிலிருந்து எந்தத் தமிழ் வரும்? நாம் எழுதுகிற தமிழ் வேறு, பேசுகிற தமிழ் வேறு. புதிய தொழில்நுட்பம் கேட்பவருக்கு முன்பே பழக்கமில்லாத ஒன்று. அதைப் பழக்கமில்லாத நடையிலும் சொன்னால் அவருக்குச் சுமை இரண்டாகிவிடும்.

"இத்தொழில்நுட்பத்தின் வாயிலாக நீர்ப் பயன்பாடு கணிசமாகக் குறைக்கப்படுகிறது" என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர், "கைத்தெளிப்பான்ல ஏக்கருக்கு நூத்தம்பது, இருநூறு லிட்டர் தண்ணி போகுது. இதுல பத்து லிட்டர், ஒரே டேங்க்" என்கிறார். தகவல் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிச் சொல்வார். விவசாயிக்கு டேங்க் கணக்கு பழகிய கணக்கு. கேட்டவர் இன்னொருவருக்குத் திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் அந்தப் பேச்சு வேலை செய்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

## 1. முழுவதும் எழுதி வாசிப்பது

பிழை வராது, நேரம் மீறாது. எனக்கு ஒரு நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரும். நீங்களும் ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இதன் மறைமுகச் செலவு, எழுத உட்கார்ந்தவுடன் கை தானாக எழுத்துத் தமிழுக்குப் போய்விடுவது. "அளிக்கப்படுகிறது", "மேற்கொள்ளப்படுகிறது" என்றெல்லாம் வந்து விழும். அதைத் திரும்பப் பேச்சு நடைக்கு மாற்ற இன்னொரு முறை எழுத வேண்டும். அந்த இரண்டாவது எழுத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. வாசிக்கும்போது கண் தாளில் இருக்கும், கேட்பவர் முகம் சுருங்கியது தெரியாது.

வானொலிக்குப் பேசுவதாக இருந்தால் இதுதான் சரி. சட்டம், மானிய நிபந்தனை, பாதுகாப்பு எச்சரிக்கை போல ஒரு சொல் மாறினாலும் பொருள் மாறும் பகுதிகளுக்கும் இதுவே. மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டத்துக்கு 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. குழுவுக்கு 80 சதவீத மானியம், ஆனால் உச்ச வரம்பு 8 லட்சம் ரூபாய். "80 சதவீதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வரம்பை விட்டுவிட்டால் கேட்டவர் தப்புக் கணக்குப் போடுவார். பேச்சில் இப்படிப்பட்ட வரியை மட்டும் தாளைக் கையில் எடுத்து, "இத அப்படியே படிக்கறேன்" என்று சொல்லி வாசியுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எண்ணைப் பார்த்துப் படிப்பவரைத்தான் மக்கள் நம்புகிறார்கள்.

## 2. மனப்பாடம் செய்து பேசுவது

நம் ஊர்க்காரர்களின் காது மேடைப் பேச்சில் வளர்ந்தது. நீதிக்கட்சி 1944 ஆகஸ்டில் திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது சேலத்தில் கூடிய மாநாட்டில்தான். அந்தத் தலைமுறையிலிருந்து அடுக்குமொழியும் ஏற்ற இறக்கமும் பேச்சென்றால் இப்படித்தான் என்று நம் மனதில் பதிந்துவிட்டன. பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் அதையே சொல்லிக்கொடுக்கிறோம். அதனால் மேடை என்றாலே மனப்பாடம் என்று நினைப்பது இயல்பு.

ஆனால் தகவல் சொல்லும் பேச்சில் இதுதான் எல்லாவற்றையும்விட எளிதில் உடைகிற முறை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் மலையில் ஒரு கூட்டம். ட்ரோன் தெளிப்பு பற்றிப் பேச வந்த இளைஞர் பன்னிரண்டு நிமிடப் பேச்சை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தார். அவரைத் தயார் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்காவது நிமிடம் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, எங்க காப்பிக்கு மேல சில்வர் ஓக்கு நிக்குது. அதுல மொளகுக் கொடி ஏறியிருக்குது. மேல இருந்து அடிச்சா மருந்து மேல் எலையிலயே நின்னுக்குமா, கீழ காப்பிக்கு வருமா?"

அன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே சிறந்தது அதுதான். மலைத்தோட்டத்துக்கும் சமவெளி வயலுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அதில் இருக்கிறது. இளைஞருக்குப் பதில் ஓரளவு தெரியும். முந்தின நாள் என்னிடம் அதைப் பற்றிப் பேசியிருந்தார். ஆனால் அவர் மனதில் இருந்தது ஒரு நீளமான சரடு. நடுவில் அறுந்ததும் முனை கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். பெரியவர் மரியாதைக்காகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார், ஆனால் மறுபடி வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் வேறு யாரும் கேள்வி கேட்கவும் இல்லை.

அன்றைக்குப் பிறகு நான் யாருக்கும் முழு மனப்பாடத்தைப் பரிந்துரைத்ததில்லை. பத்து நாள் உழைப்பு அதில் போகிறது. அந்தப் பத்து நாளும் விஷயத்தைப் புரிந்துகொள்ளச் செலவாகாமல் சொற்களின் வரிசையை நினைவில் வைக்கச் செலவாகிறது. உள்ளே மறைந்திருக்கும் செலவு அதுதான்.

இரண்டு, மூன்று நிமிட அறிமுகத்துக்கும் போட்டிக்கும் மனப்பாடம் போதும். மேடை ஏறினாலே கை நடுங்குகிறவர்கள் முதல் நான்கு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். நான்காவது வாக்கியம் முடிவதற்குள் மூச்சு சீராகிவிடும், அப்புறம் பேச்சு தானாக வரும்.

## 3. குறிப்பு அட்டை

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆனால் அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். கட்டுரையைச் சின்ன எழுத்தில் அட்டைக்கு மாற்றி எழுதினால் அது பழைய வாசிப்புதான். தாள் மட்டும் சிறியது.

போஸ்ட்கார்டு அளவில் ஐந்து அட்டை போதும். பத்து நிமிடத்துக்கு மேல் பேசினாலும் ஐந்துதான். ஒவ்வோர் அட்டையின் தலையிலும் கேட்பவர் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதுங்கள். "இது என்ன?", "கைத்தெளிப்பானுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?", "செலவு எவ்வளவு?", "நம்ம தோட்டத்துக்கு ஒத்து வருமா?", "ஆபத்து என்ன?" இப்படி. அதன் கீழே பெரிய எழுத்தில் எண்கள், ஓர் உதாரணம், அவ்வளவுதான். முழு வாக்கியம் இரண்டே இரண்டு இடத்தில் இருக்கலாம்: முதல் அட்டையின் முதல் வரி, கடைசி அட்டையின் கடைசி வரி.

தலைப்பைக் கேள்வியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேள்வியைப் பார்த்தால் வாய் பேச்சுத் தமிழில் பதில் சொல்லும். "செலவினங்கள்" என்று எழுதி வைத்தால் "செலவினங்களைப் பொறுத்தவரை" என்றுதான் ஆரம்பிப்பீர்கள். "செலவு எவ்வளவு?" என்று எழுதினால் "பத்து லட்சம் பக்கம் வருது" என்று ஆரம்பிப்பீர்கள். இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

நடுவில் யாராவது கேட்டாலும் கவலையில்லை. அவர் கேட்டது நான்காவது அட்டையில் இருந்தால், அதை எடுத்து முன்னால் சொல்லிவிட்டு இரண்டாவதுக்குத் திரும்பலாம். அந்த இளைஞரின் கையில் அன்று ஐந்து அட்டை இருந்திருந்தால் பெரியவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அட்டைகளின் மூலையில் ஓட்டை போட்டு நூலில் கோர்த்துவிடுங்கள். கீழே விழுந்தாலும் வரிசை கலையாது.

இதற்கும் செலவு உண்டு. விஷயம் உங்களுக்கு உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத இடத்தை வாசிப்பு மறைத்துவிடும், அட்டை மறைக்காது. உரக்கப் பேசிப் பார்ப்பதையும் தவிர்க்க முடியாது. குறைந்தது மூன்று முறை, அதில் ஒரு முறை விஷயமே தெரியாத ஒருவர் முன்னால். வீட்டில் அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும். அவர் முகத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் பார்வை விலகுகிறதோ அந்த இடத்தைத்தான் திருத்த வேண்டும். இன்னொரு முறை போனில் பதிவு செய்து கேளுங்கள். "இப்ப பாத்தீங்கன்னா" எத்தனை தடவை வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கலைச்சொல் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்ரோன் என்பதா, ஆளில்லா வானூர்தி என்பதா? ட்ரோன் என்றே சொல்லுங்கள். நாசில், பேட்டரி, ஜிபிஎஸ் எல்லாம் விவசாயிகள் வாயில் இருக்கிற சொற்கள். புதுச்சொல் ஒன்று தவிர்க்க முடியாமல் வந்தால் முதல் தடவை அதன் வேலையைச் சொல்லி விளக்கிவிட்டு, அப்புறம் கடைசி வரை அதே சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் மின்கலம், இன்னொரு இடத்தில் பேட்டரி என்று மாற்றி மாற்றிச் சொன்னால் இரண்டும் வேறு வேறு பொருள் என்று நினைக்கிறவர்கள் உண்டு.

## 4. ஸ்லைடு

பவர்பாயிண்ட் முதன்முதலில் வந்தது 1987இல், மெக்கின்டாஷ் கணினிக்காக. வந்து இத்தனை வருடம் ஆகியும், சுவரில் இருப்பதை வாசிப்பதுதான் பேச்சு என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. கேட்பவர் கண்ணால் படித்து முடித்துவிட்டு நீங்கள் முடிக்கக் காத்திருப்பார். ஸ்லைடில் வருவதும் பெரும்பாலும் முழுத் தமிழாக இருக்காது. ஆங்கிலப் பெயர்ச்சொற்களை அடுக்கி நடுவில் "வந்து", "இது" என்று ஒட்டிய ஒன்றுதான் வாயில் வரும்.

மறைமுகச் செலவு எல்லா முறைகளையும்விட இங்கேதான் அதிகம். ப்ரொஜெக்டர் வாடகை, ஒத்துப்போகாத கேபிள், திரைச்சீலை இல்லாத ஜன்னல். அப்புறம் எழுத்துரு. வீட்டுக் கணினியில் பாமினியில் தட்டிய தமிழ், கூட்டம் நடக்கும் இடத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் குறியுமாக உதிர்ந்து கிடக்கும். யூனிகோடில் தட்டி, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு சொன்னாலும், ஸ்லைடு இல்லாமல் முடியாத பேச்சும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, நேரில் கொண்டுவர முடியாத அளவு பெரியது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது என்ற மூன்றுக்கும் படம் வேண்டும். கொலுசில் வளையம் சேரும் இடம் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். பற்றாசுப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்த இணைப்பும் லேசரில் பற்றவைத்த இணைப்பும் எப்படி வேறுபடுகின்றன என்பதை நாற்பது பேருக்குக் கையில் காட்ட முடியாது. பெரிதாக்கிய இரண்டு போட்டோவைப் பக்கம் பக்கமாகப் போட்டால் பட்டறைக்காரர் கண் உடனே பிடித்துவிடும்.

கரண்ட் நம்பிக்கை இல்லாத இடத்தில் இரண்டு சார்ட் பேப்பரும் ஒரு தடித்த மார்க்கரும் ஸ்லைடின் வேலையைச் செய்துவிடும். பேச்சு முடிந்தபின் அதைச் சுவரில் ஒட்டிவிட்டும் வரலாம்.

## 5. செய்துகாட்டல்

நினைவில் நிற்பதில் இதற்கு ஈடு கிடையாது. 1968 டிசம்பரில் அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவில் கணினி மவுஸை முதன்முதலில் பொதுவில் இயக்கிக் காட்டினார். தொண்ணூறு நிமிட நிகழ்ச்சி. இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 1998இல் விண்டோஸ் 98ஐ மேடையில் காட்டியபோது, பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, ஸ்கேனரைச் செருகியவுடன் திரை நீலமாகி நின்றுபோனதும் இன்றுவரை பேசப்படுகிறது. சரியாக வந்தாலும் தவறினாலும் மறக்க மாட்டார்கள், அதுதான் இந்த முறையின் பலமும் ஆபத்தும்.

ட்ரோனை எடுத்துக்கொண்டால், மருந்து டேங்க் நிரம்பிய நிலையில் ஒரு பேட்டரிக்குப் பத்து, பதினைந்து நிமிடம்தான் பறக்கும். நீங்கள் அறிமுகம் பேசிக்கொண்டிருக்கும்போதே பறக்கவிட்டால் முக்கியமான இடத்தில் கீழே இறக்க வேண்டிவரும். ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். இடத்துக்கும் விதி உண்டு. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி தேவையில்லை. ஆனால் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அனுமதி இல்லாமல் 200 அடிக்கு மேல் போகக் கூடாது. சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருப்பதால், ஓமலூர்ப் பக்கத்தில் செய்துகாட்ட நினைப்பவர்கள் தேதி குறிப்பதற்கு முன்பே, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். காற்று, மழை, மலையில் மூடுபனி எல்லாம் தனி.

முழு மெஷினையும் ஓட்டிக் காட்டுவது மட்டும்தான் செய்துகாட்டல் என்று எண்ணத் தேவையில்லை. புரிய வைக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைக் கையால் காட்டினால் போதும். பத்து லிட்டர் தண்ணீர் ஒரு ஏக்கருக்கு எப்படிப் போதும் என்பதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். இதற்கு ட்ரோனே வேண்டாம். சலூனில் முடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் இரண்டு வாங்குங்கள். ஒன்றின் மூடியைத் தளர்த்திப் பெரிய துளியாகவும், இன்னொன்றை முறுக்கி நுண்துளியாகவும் வையுங்கள். இரண்டிலும் சொட்டு நீலம் கலந்த தண்ணீர். இரண்டு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு அழுத்து. பெரிய துளி தாளில் சேர்ந்து வழிந்து கீழே சொட்டும். நுண்துளி வழியாமல் தாள் முழுக்கப் புள்ளிபுள்ளியாக நிற்கும். தாளை முதல் வரிசையில் கொடுத்துக் கை மாற்றி விடுங்கள். துளி சிறிதானால் தண்ணீர் குறையும் என்பதை அதற்கப்புறம் நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை, முன்வரிசை பின்வரிசைக்கு விளக்கிவிடும். நுண்துளி காற்றில் பக்கத்து வயலுக்கும் போகும் என்ற கேள்வியும் அங்கிருந்தே எழும். அதுவும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

கை வேலை செய்யும்போது வாய் மிக எளிய தமிழ் பேசும். "இங்க பாருங்க, வழியுதா? இதுல வழியல." எழுதி வைத்து இதைப் பேச முடியாது.

லேசர் மெஷினை மட்டும் கூட்டத்தில் ஓட்டிக் காட்ட வேண்டாம் என்பேன். கதிர் வெள்ளியில் பட்டுத் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து. காப்புக் கண்ணாடியோடு இரண்டு மூன்று பேராகப் பட்டறைக்கே கூட்டிப்போய்க் காட்டலாம்.

## ஒரே பார்வையில்

| முறை | 10 நிமிடப் பேச்சுக்குத் தயாரிப்பு (என் அனுபவத்தில்) | நடுவில் கேள்வி வந்தால் | எண், விதி | வெளியில் தெரியாத செலவு | வருகிற தமிழ் |
|---|---|---|---|---|---|
| வாசிப்பு | ஒன்றிரண்டு நாள் | திணறும் | தவறாது | பேச்சு நடைக்கு மறுபடி எழுதுவது | எழுத்துத் தமிழ் |
| மனப்பாடம் | பத்து நாள் | அறுந்துவிடும் | பதற்றத்தில் மாறலாம் | புரிந்துகொள்ள நேரம் இல்லாமல் போவது | போட்டி மேடைத் தமிழ் |
| குறிப்பு அட்டை | மூன்று மாலை | தாங்கும் | அட்டையில் எழுதினால் தவறாது | விஷயம் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும் | சொந்தப் பேச்சு |
| ஸ்லைடு | அட்டைக்கு மேல் இன்னொரு நாள் | பக்கம் தேட வேண்டும் | திரையில் நிற்கும் | ப்ரொஜெக்டர், கேபிள், எழுத்துரு, இருட்டு | ஆங்கிலம் கலந்தது |
| செய்துகாட்டல் | ஒத்திகையைப் பொறுத்தது | கேள்வியை வரவழைக்கும் | தனியாகச் சொல்ல வேண்டும் | அனுமதி, வானிலை, மாற்று ஏற்பாடு | கை பேசும் எளிய தமிழ் |

## அந்த மூன்று பேருக்கு நான் சொன்னது

பட்டறைக்காரருக்கு ஸ்லைடு, ஆனால் ஆறு போட்டோ மட்டும், ஒரு வரிகூட எழுத்து வேண்டாம். கேட்பவர்கள் எல்லோரும் வெள்ளியில் கை பழகியவர்கள். வெப்பம் ஒரு புள்ளியில் மட்டும் விழுகிறது, பொடி தேவைப்படுவதில்லை என்று சொன்னால் மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். விலையையும் பழுது பார்க்கும் செலவையும் அவர் தாளில் எழுதி வைத்து வாசிக்க வேண்டும், ஏனென்றால் பணம் போடப்போகிறவர்கள் அவர்கள்.

மாணவிக்கு அட்டையும் மூன்று ஸ்லைடும். ஏழு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல ஆசைப்பட்டார். ஒரே ஒரு கேள்வியைச் சுற்றிப் பேசச் சொன்னேன்: உப்பில் இருக்கிற சோடியம் இவ்வளவு மலிவாக இருக்கும்போது ஏன் இத்தனை நாளும் லித்தியம்? லித்தியம் பேட்டரியில் இருக்கும் கிராஃபைட் என்ற கரியின் அடுக்குகளுக்குள் சோடியம் சரியாகப் போய் உட்காராது. அதனால் ஹார்ட் கார்பன் என்ற வேறு கரி வேண்டியிருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்கு ஒரு படம். 2021இல் சீனாவின் சிஏடிஎல் என்ற பேட்டரி நிறுவனம் அறிவித்த முதல் தலைமுறை சோடியம் செல், ஒரு கிலோ எடைக்கு 160 வாட் மணி மின்சாரத்தைச் சேமிக்கும். அந்த எண்ணுக்கு ஒரு ஸ்லைடு. எங்கே பயன்படும், எங்கே படாது என்பதற்கு மூன்றாவது. முதல் நான்கு வாக்கியம் மனப்பாடம். செமினாரில் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்றாலும், முதல் ஒத்திகையைத் தமிழில் வீட்டில் பேசிப் பார்க்கச் சொன்னேன். தமிழில் சொல்ல வராத இடம் எதுவோ, அந்த இடம் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

நாகலூர் அக்காவுக்கு ஐந்து அட்டை, இரண்டு சலூன் பாட்டில், மானிய வரியை வாசிக்க ஒரு தாள். ப்ரொஜெக்டர் வேண்டவே வேண்டாம் என்றேன். அவருடைய நான்காவது அட்டை "நம்ம காப்பிக்கு ஒத்து வருமா?" என்பது. யாரும் கேட்பதற்கு முன்பே அதை அவரே எடுத்துச் சொல்ல வேண்டும். நெல், மக்காச்சோளம், குச்சிக்கிழங்கு போலத் திறந்த வயலுக்கு ட்ரோன் நன்றாக ஒத்து வருகிறது. சில்வர் ஓக் நிழலில் நிற்கும் காபிக்கு மேலிருந்து அடித்தால் பெரும்பகுதி மேல் இலையிலேயே தங்கிவிடும், மரங்களுக்கு நடுவே தாழ்வாகப் பறக்கவும் இடம் இருக்காது. அங்கே இன்னும் ஹோஸ் போட்ட பவர் ஸ்பிரேயர்தான். இதைச் சொன்னால் ட்ரோனை மட்டம் தட்டியது போல ஆகாதா என்று கேட்டார். எங்கே உதவாது என்று சொல்லாவிட்டால் எங்கே உதவும் என்று நீங்கள் சொல்வதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள் என்றேன். தெரியாத கேள்வி வந்தால், "தெரியலீங்க, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் பெயரை அட்டையின் பின்பக்கம் அவர் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளவும் சொன்னேன்.

போன வாரம் போன் செய்தார். மாமியார் முன்னால் ஒரு முறை பேசிப் பார்த்தாராம். சொட்டு நீலத் தாளைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமியார் கேட்டது: "பேட்டரி தீந்துபோச்சுன்னா மரத்து மேல சிக்கிக்குமா?" பேட்டரி குறையும்போது ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும்படி வைக்கலாம், ஆனால் திரும்பும் உயரம் மரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும், அதை முன்கூட்டியே அமைக்க வேண்டும். அக்காவுக்கு இந்தப் பதில் தெரிந்திருந்தது, ஆனால் ஐந்து அட்டையில் எதிலும் இருக்கவில்லை. இப்போது "ஆபத்து என்ன?" அட்டையில் அதுதான் முதல் வரி.